எப்சிபா வைத்த மஞ்சள்

என் மனைவி எப்சிபா யார்மேலும் கோபத்தை வைத்துக்கொள்ள மாட்டாள். மன்னித்துவிடுவாள். எங்கள் தெருவில் எல்லோரும் பயந்ததும் அதற்குத்தான்.

கோபப்படுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அவர்கள் நாலு வார்த்தை கத்தினால் நாமும் இரண்டு வார்த்தை கத்தலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். மறுநாள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மன்னிக்கிறவளை என்ன செய்வது? பால்காரர் ஒரு நாள் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார். எப்சிபா வாசலில் வந்து நின்றாள். தெருவில் ஓடுகிற அத்தனை தறிகளின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு.

"நீ தண்ணி ஊத்தினது எனக்குத் தெரியும்பா. ஆனா நான் உன்ன மன்னிச்சிட்டேன். ஆண்டவர் என்ன எவ்ளோ மன்னிச்சிருக்காரு, நான் உன்ன மன்னிக்கக் கூடாதா?"

அன்றைக்கு அந்த மனிதர் மீதி வீடுகளில் பாத்திரத்தைப் பார்த்துப் பால் ஊற்றவில்லை, தரையைப் பார்த்து ஊற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குக் கேக் கொடுக்கும்போது, "பழசெல்லாம் நான் நெனைக்கறதே இல்லப்பா" என்று எப்சிபா ஞாபகப்படுத்துவாள். அவர் கேக்கை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தபடியே ஓடிவிடுவார்.

என்னையும் மன்னித்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் அவள் அம்மா வைத்த மீன்குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். நடந்து கால் நூற்றாண்டுக்கு மேலேயே ஆகிறது. அந்த மன்னிப்பு இன்னும் முடிந்தபாடில்லை.

என் பெயர் அப்பாதுரை. காஞ்சிபுரத்தில் ஒரு தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஸ்டாம்பும் மணியார்டரும் பார்த்துக்கொண்டிருந்தவன். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. மற்றதெல்லாம் தறி வீடுகள். சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருந்தோம். எப்சிபா மன்னிக்கும்படி யாரும் எதுவும் செய்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

தொண்ணூற்றேழில் எங்கள் மகள் தாராவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பையன் வாலாஜாபாத்துக்காரன், நல்ல பையன். அவனுடைய அம்மா மனோரஞ்சிதம் அம்மாள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் அந்த ஓய்வு கிடைத்தது. வழியில் பொட்டு வைத்த பெண் எதிரே வந்தால் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுத்தான் நடப்பார். அவருடைய கணவரும் கூடவே வருவார். அவர் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் சர்ச்சுக் கல்யாணத்துக்குப் பெண் வெள்ளைப் பட்டு கட்டுவாள். மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. ஆனால் மனோரஞ்சிதம் அம்மாள், "நீங்கதான் காஞ்சிபுரத்துலயே இருக்கீங்களே. நீங்களே நெய்யச் சொல்லி வாங்கி வைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம வந்து பாத்து, ஜெபம் பண்ணி எடுத்துக்கறோம்" என்றார். அதோடு விடவில்லை. பார்டரில் கோபுரம் கூடாது, அது கோயில். யாளி கூடாது, அது என்ன மிருகம் என்றே தெரியவில்லை. மயில் கூடவே கூடாது, அதன்மேல் யார் உட்கார்ந்திருப்பார் என்று ஊருக்கே தெரியும். மாங்காயைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாங்காய் ஆண்டவர் படைத்ததுதான் என்று அனுமதி கொடுத்தார். மயிலை வேறு யாராவது படைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் கல்யாணம் முடியும்வரை எதையும் கேட்பதில்லை.

சக்ரவர்த்தி முதலாளியின் கடையில் ஆர்டர் கொடுத்தோம். வெள்ளையில் வேலை என்றால் கை சுத்தம் வேண்டும், அதற்குக் கிருஷ்ணவேணிதான் சரி என்று அவர் சொன்னார். கிருஷ்ணவேணி எங்களுக்குப் பின்தெருக்காரி. புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கடையிலிருந்து பாவு நூல் வரும், இவள் தறியில் ஏற்றி நெய்து புடவையாகத் திருப்பிக் கொடுப்பாள். அந்தத் தறி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். எங்கள் வெள்ளைப் பட்டு தறியில் இருந்த நாட்களில் அவள் புளிக்குழம்பே வைக்கவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெறித்துவிடுமோ என்ற பயமாம்.

புடவை வந்தது. எப்சிபா முந்தானையைப் பார்த்தாள், பார்டரைப் பார்த்தாள், மாங்காய்களைத் தடவினாள், ஸ்தோத்திரம் சொல்லி மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தாள். முழுக்கப் பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்த வருஷம், சர்ச்சில் பெண்களே நடத்துகிற பெண்கள் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் அவளுக்குக் கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம். தலைப்பு, கிருபை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பாள். மூன்று பகுதியாகப் பிரித்திருந்தாள். மூன்று பகுதியிலும் பெயர் சொல்லாமல் ஒரு பால்காரர் வருவார்.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், எப்சிபா பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். தாரா பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். கிருஷ்ணவேணி பின்வாசல் வழியாக வந்தாள்.

"சார், அம்மா இல்லியே?"

"சர்ச்சுக்குப் போயிருக்காம்மா."

"நல்லதா போச்சி" என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி அழுதாள்.

விஷயம் இதுதான். புடவை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் ஒரு மூலையில் மஞ்சள் வைப்பது அவர்கள் வழக்கம். கட்டப்போகிறவள் நன்றாக இருக்க வேண்டும் என்று வைப்பது. முன்பு ஒருமுறை இப்படி மஞ்சள் வைத்த புடவையைச் சென்னையிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம் திருப்பி அனுப்பிவிட்டது. அதிலிருந்து சக்ரவர்த்தி முதலாளி, வெள்ளைப் புடவையில் யாராவது மஞ்சள் வைத்தால் அவர்களுக்கு இனி பாவே கிடையாது என்று எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார்.

"எல்லாம் ஞாபகம் இருந்துது சார். ஆனா அறுத்ததும் கை தானா போயிடுச்சி. கல்யாணப் பொண்ணு கட்டிக்கப் போற பொடவைய மொட்டையா எப்டி சார் குடுக்கறது? தாராவ சின்னப் புள்ளையில இருந்து பாத்துக்கினு இருக்கறேன். வச்ச அப்புறம்தான் அய்யய்யோன்னு ஆயிடுச்சி. சோப்பு போட்டுக் கழுவினேன். செவப்பாயிடுச்சி."

"சிவப்பா?"

"குங்குமம் கணக்கா செவந்து போச்சி சார். உள்முனைதான், இடுப்புல சொருகற பக்கம். உள்ள மடிச்சி கடையில குடுத்துட்டேன். முதலாளி பாக்கல. அதுல இருந்து தூக்கமே இல்ல."

"எப்சிபாகிட்ட சொல்லிடலாம்மா. அவ கோபப்பட மாட்டா."

"வேணாம் சார்!" என்று எழுந்தே விட்டாள். "கோபப்பட மாட்டாங்கன்னு தெரியும். மன்னிச்சிடுவாங்க. அதான் சார் பயமா இருக்குது. பால்காரர மன்னிச்சது வேகவதி ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சி. என்ன மன்னிச்சாங்கன்னா முதலாளி காதுக்குப் போவாம இருக்குமா? பாவ நிறுத்திடுவாரு. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்? அவங்க மன்னிப்பு எனக்குத் தாங்காது சார்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

வாக்குக் கொடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். பீரோவைத் திறந்து புடவையை எடுத்து உள்முனையைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பு. எலுமிச்சம்பழம் கறையை எடுக்கும் என்று எப்போதோ கேட்ட ஞாபகம். பழத்தை நறுக்கித் தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சளாகிவிட்டது! எனக்கு ஒரே சந்தோஷம். பாதி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் புடவையில் எலுமிச்சை வாசனை வந்தது. கல்யாணப் புடவை ஊறுகாய் மாதிரி மணக்கலாமா? வாசனை போக ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டேன். மறுபடி சிவந்தது. இந்தத் தடவை உள்ளங்கை அளவுக்கு.

திரும்பினால் எப்சிபா நிற்கிறாள். கையில் பைபிள், தோளில் பை. பார்வை என் கையில் இருந்த புடவையில்.

இருபத்தைந்து வருஷமாக என்னால் அவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. ஆபீஸில் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூட முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். கொடுத்த வாக்கு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிருஷ்ணவேணி வந்தது, மஞ்சள், சோப்பு, முதலாளி, பாவு எல்லாம். வாய் ஓடுகிற வேகத்தில், "அவங்க மன்னிப்பு எனக்குத் தாங்காது" என்று அவள் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகு தெரிந்தது.

எப்சிபா பைபிளை மேஜைமேல் வைத்தாள். புடவையை என் கையிலிருந்து வாங்கி, நிழலில் காயப்போட்டாள். சமையற்கட்டுக்குப் போனாள். அன்றைக்கு ஒத்திகை இல்லை. சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தாங்காதுன்னா சொன்னா?"

"பயத்துல சொல்லியிருப்பா எப்சி."

"கோபத்துக்கு பயந்தா பரவால்லங்க. என் மன்னிப்புக்கு பயந்துக்கினு பின்வாசல்ல வந்திருக்கா பாருங்க" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது மிகக் குறைவு. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அதுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து நான் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"உள்ள மடிச்சி வச்சிடலாம்."

"அந்தம்மா முழுசா பிரிச்சிதான் பாப்பாங்க. வாத்தியாரம்மா."

"யார் வச்சாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிடு."

"தெரியுமே. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"கடையில எப்டியோ பட்டுடுச்சின்னு..."

"படலையே."

"அந்த மூலைய மட்டும் கத்தரிச்சிடலாமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கத்தரிக்கோலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தாரா மட்டும் நிதானமாக இருந்தாள். "எப்டியும் இடுப்புக்குள்ளதானம்மா போகப் போகுது. யார் பாக்கப் போறா?" என்றாள். சின்ன வயசு, மாமியார் என்றால் என்னவென்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. எப்சிபா விறுவிறுவென்று சமையற்கட்டுக்குள் போனாள். மீன்குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பீரோ அறைக்கு வந்தாள். புடவையின் உள்முனையைப் பிரித்தாள். நான் செய்து வைத்திருந்த அந்தச் சிவப்புத் திட்டின் நட்ட நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எம்பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி அழுத்தி வைத்தாள்.

"எப்சி! இன்னா பண்ற நீ?"

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கவலையில் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மனோரஞ்சிதம் அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புடவையைப் பிரித்தார். மாங்காய்களைப் பார்த்துத் திருப்திப்பட்டார். முந்தானை நன்றாக இருக்கிறது என்றார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மடிப்பு மடிப்பாகத் திருப்பிக்கொண்டே போனார். கடைசி மடிப்புக்கு வந்தார்.

"இது என்னது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"குங்குமமா?" என்றார் மறுபடி. குரல் ஏறியது. "ஆண்டவருடைய சந்நிதில நிக்கப் போற பொடவையில குங்குமமா? நெய்தவங்க வேலைதானே இது? எந்தக் கடை? இப்பவே போன் போடுங்க. யார் நெய்தாங்கன்னு எனக்குத் தெரியணும். இதெல்லாம் சும்மா விடக் கூடாது."

எங்கள் வீட்டில் அப்போதுதான் போன் வைத்திருந்தோம். அவருடைய கணவர் எழுந்து போனைப் பார்த்து நடந்தார். அந்த மனிதர் சொந்தமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கிருஷ்ணவேணியின் இரண்டு பெண்களும் கண்ணுக்குள் வந்தார்கள். ரிசீவரை எடுத்துவிட்டார்.

"நான்தான் வச்சேன்" என்றாள் எப்சிபா.

ரிசீவர் அப்படியே நின்றது.

"நீங்களா?"

"என் கையாலதான். இப்பதான், நீங்க வந்து எறங்கின நேரத்துல" என்று வலது கையை நீட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன. மீன்குழம்பு மஞ்சள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய் சொல்லத் தெரியாதவள், சொல்லப்போகிறதை முன்கூட்டியே உண்மையாக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"பெண்கள் சங்கத்துல செயலாளரா இருக்கற நீங்க? எதுக்கு?"

"எம்பொண்ணு நல்லா இருக்கணும்னு வச்சேன். வேற ஒண்ணும் இல்லங்க. தப்புன்னா என்ன மன்னிச்சிடுங்க."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கு என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷமும் அவள் அதைக் கொடுக்கிற பக்கத்தில்தான் இருந்தாள்.

மனோரஞ்சிதம் அம்மாள் எல்லோரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். ஜெபம் ஆரம்பித்தது. சகோதரி எப்சிபாவின் அறியாமை, அவளுடைய அந்தகாரம், அவளுடைய வீட்டைச் சுற்றியிருக்கிற அந்தகாரம் எல்லாம் ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் போயின. என் முழங்கால் செத்துவிட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எப்சிபா தலை குனிந்து, வாய் திறக்காமல் நின்றிருந்தாள். அவள் வாய் திறக்காமல் இவ்வளவு நேரம் இருந்தது எங்கள் கல்யாணத்தன்று போட்டோ எடுத்தபோதுதான்.

ஆமென் சொன்னதும் மனோரஞ்சிதம் அம்மாள் எழுந்து எப்சிபாவைக் கட்டிக்கொண்டார். "நான் உங்கள மன்னிச்சிட்டேன். இனிமே இதப் பத்தி நான் பேசவே மாட்டேன்" என்றார். காபி குடிக்கும்போது பேசினார். புடவையை மடிக்கும்போது பேசினார். வாசலில் காரில் ஏறும்போது, தெருவே கேட்க, "மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க எப்சிபா, அந்த மஞ்சள் விஷயத்த நான் அப்பவே மறந்துட்டேன்" என்றார். சாயங்காலப் பாலோடு வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். எப்சிபாவுக்குப் பால் ஊற்றும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு அனுதாபம்.

விஷயம் எங்களுக்கு முன்னால் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே சங்கத்துப் பெண்கள் கூடி, பெண்கள் ஞாயிறு பிரசங்கத்தை வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். எப்சிபாவுக்குக் கல்யாண வேலை அதிகம், ஓய்வு தேவை என்று பூசி மெழுகினார்கள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

"எங்க போறீங்க?"

"போய் உண்மையச் சொல்றேன். நீ ஏன் கெட்ட பேர் வாங்கணும்?"

"சொன்னா கிருஷ்ணவேணிக்கு யார் பாவு குடுப்பா? உக்காருங்க." செருப்பைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "மன்னிப்ப வாங்கிக்கறவங்களுக்கு இவ்ளோ பாரமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. யாருமே சொல்லல."

சொல்லியிருப்பார்கள். யாருக்குத் தைரியம் இருந்தது?

கல்யாணம் நன்றாக நடந்தது. தாரா அந்த வெள்ளைப் பட்டில் அவ்வளவு அழகாக இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, நான் அதை மறைக்கவும் இல்லை. உள்முனை இடுப்புக்குள் பத்திரமாக இருந்தது. சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு பிரியாணி. தெருவே வந்திருந்தது. கிருஷ்ணவேணியும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த வாரம் முழுக்கப் பயத்தில் அவள் தறியை விட்டு எழவே இல்லை, தெருப் பேச்சு எதுவும் அவள் காதுக்குப் போகவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் விஷயம் வெளியே போகவில்லையே என்று கண்ணாலேயே கேட்டாள். நானும் கண்ணாலேயே இல்லை என்றேன்.

பந்தி நடுவில் மனோரஞ்சிதம் அம்மாள் தம் ஊர்க்காரர்களிடம் எப்சிபாவை எப்படி மன்னித்தார் என்று விவரித்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னார். மஞ்சள், உள்முனை, எப்சிபாவின் விரல், முழங்கால் ஜெபம் எல்லாம் வந்தது. பக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த கிருஷ்ணவேணி டம்ளரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் ஓடி வந்தாள்.

"சார்! கேட்டீங்களா? அம்மாவே அதே எடத்துல மஞ்சள் வச்சிட்டாங்களாம்! நான் வச்சது அதுக்குள்ள போயிடுச்சி. தப்பிச்சேன் சார். எங்க காமாட்சிதான் காப்பாத்திட்டா."

அவள் முகம் அப்படித் தெளிந்துவிட்டது. எத்தனை நாள் தூங்காத முகம் அது! நான் பதில் தேடுவதற்குள் எப்சிபாவே எங்களிடம் வந்துவிட்டாள். கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னாமா நீங்க? நான் எவ்ளோ பாடுபட்டு ஒரு பொட்டு அழுக்கு படாம நெய்ஞ்சேன். புளி கூடக் கரைக்கலமா நான். உங்க சாமிக்கு ஆவாதுன்னு தெரிஞ்சும் நீங்க போயி மஞ்சள் வைக்கலாமா?"

என் வாய் தானாகத் திறந்தது. எப்சிபாவின் குதிகால் என் கால்மேல் வந்து இறங்கியது. கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. என் வாய் மூடிக்கொண்டது.

"தப்புதாம்மா" என்றாள் எப்சிபா.

"சரி, போனா போவுது. பெத்த மனசு. யார் இன்னா சொன்னாலும் நான் ஒண்ணும் நெனச்சிக்கல" என்றாள் கிருஷ்ணவேணி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, இன்னும் மெதுவாக, "நான் யார்கிட்டயும் இதப் பத்தி மூச்சு வுட மாட்டேன். முதலாளி கேட்டாருன்னாக்கூட உங்க பேரச் சொல்ல மாட்டேன். நீங்க தைரியமா இருங்கமா" என்றாள்.

எப்சிபாவின் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"பெரிய மனசு பண்ணியேம்மா, அதுவே போதும்" என்றாள். "சாப்ட்டியா?"

"இன்னும் இல்லமா."

எப்சிபா அவளையும் பிள்ளைகளையும் பந்தியில் உட்காரவைத்தாள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பரிமாறுகிறவர் கையிலிருந்து அன்னக்கூடையை வாங்கித் தானே பிரியாணி வைத்தாள். பெண்ணின் அம்மா பரிமாறுவதைப் பார்த்து நாலு பேர் ஓடி வந்தார்கள். அவள் கூடையை விடவில்லை.

கிருஷ்ணவேணி பசியோடு சாப்பிட்டாள். நடுவில் பக்கத்து இலைக்காரியிடம் குனிந்து, "தங்கமான அம்மா. இன்னா, கொஞ்சம் வெவரம் பத்தாது" என்றாள்.

எப்சிபா பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். "இன்னொரு துண்டு வச்சிக்கோம்மா" என்று கறியைத் தேடி எடுத்து அவள் இலையில் வைத்தாள்.